சோப்பின் மேல் போட்ட பழி

பாபு,

போன வாரம் போனில் "என்னப்பா, குரல் ஒரு மாதிரி இருக்கு" என்று கேட்டாய். "ஜலதோஷம்" என்றேன். அது பொய். அது சின்னப் பொய், போகட்டும். அதற்கு முன்னால் நான் சொன்ன பெரிய பொய் ஒன்று இருக்கிறது. அதை நீ நம்பினாய். நம்பியதால்தான் இன்றைக்கு நீ ஹூடியில் வாடகை வீட்டில் தனியாக நூடுல்ஸ் கிண்டிக்கொண்டிருக்கிறாய், உன் மனைவி மண்டியாவில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். அந்தப் பொய்யைத்தான் இங்கே எழுதப்போகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ நடுவில் "சரி விடுப்பா" என்பாய், நானும் விட்டுவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும்.

இதை இன்றைக்கே உனக்கு அனுப்பிவிட்டு, நம் பங்குக் கோயிலின் மாத மடலிலும் போடச் சொல்லி ஸ்டெல்லா டீச்சரிடம் ஒரு நகல் கொடுக்கப்போகிறேன். லிங்கராஜபுரத்தில் நம் தெரு அன்பியத்துக்கு அவர்தான் பொறுப்பு. வாராவாரம் ஒரு வீட்டில் நாலைந்து குடும்பங்களைக் கூட்டி, ஜெபிக்க வைத்து, பாட வைத்து, கடைசியில் எல்லோரையும் சண்டை இல்லாமல் வீட்டுக்கு அனுப்பி வைப்பது அவர் வேலை. குடும்ப விஷயத்தை எதற்கு ஊரறியப் போடுகிறாய் என்று உனக்குக் கோபம் வரும். நான் ஒரு பெண்ணைப் பற்றிப் பேசியது நாலு பேர் முன்னால். அதைத் திரும்பப் பெறுவதும் அந்த நாலு பேர் கண்ணில் படும்படிதான் இருக்க வேண்டும். அவளிடம் அனுமதி கேட்டேன். "போடுங்க மாவா, ஆனா என் பேர மாத்திடுங்க" என்றாள். ஆகவே இதில் அவள் பெயர் சுமா. கன்னடத்தில் மாமனாரை மாவா என்பார்கள். கல்யாணமான புதிதில் அவள் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் என்னை மாவு மூட்டை என்று சொல்வதுபோல இருக்கிறது என்று நான் கேலி செய்வேன். 

என் நெஞ்சில் பெட்டி வைத்த கதை உனக்குத் தெரியும். பூசை முடிந்து வரும் வழியில் மயங்கி விழுந்தேன், இதயம் மெதுவாகத் துடிக்கிறது என்றார்கள், இடது காரை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் பேஸ்மேக்கரை வைத்துத் தைத்தார்கள். துடிப்பு குறைந்தால் அது தட்டிக் கொடுக்கும். கையால் தொட்டால் தீப்பெட்டி மாதிரி தட்டுப்படும். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் நீ ஆபீஸுக்கும் வார்டுக்குமாக ஓடினாய். வீட்டுக்கு வந்த பிறகு என்னைப் பார்த்துக்கொண்டவள் சுமா. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் கம்பெனிக் கணக்கு பார்த்துக்கொண்டு, இடையில் எழுந்து வந்து எனக்கு மாத்திரை கொடுப்பாள். இடது கையைத் தூக்காதீங்க என்று அதட்டுவாள். உன் அம்மா போன பிறகு என்னை யாரும் அப்படி அதட்டியதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பிடித்தது என்று அவளிடம் ஒரு நாளும் சொல்லவில்லை.

காயம் நன்றாக ஆறியது. ஓரிரண்டு மாதம் போனதும் அந்த இடத்தில் அரிப்பு ஆரம்பித்தது. முதலில் லேசாகத்தான் இருந்தது. பிறகு சிவந்து, தடித்து, சொறியச் சொறியத் தோல் பொருக்காக உதிர்ந்தது. சரியாக அந்த வாரத்தில்தான் நீ வாஷிங் மெஷின் வாங்கிப் போட்டாய். அதுவரை கட்டிச் சோப்பில் துவைத்த வீட்டில், சுமா பாட்டிலில் வருகிற சோப்புத் தண்ணீரை வாங்கினாள். என் பனியனிலிருந்து பூ வாசனை அடித்தது. எனக்குப் பிடிக்கவில்லை. உனக்கே தெரியும், நான் தொழிற்சாலையில் காலம் முழுக்கப் பார்த்த வேலை இன்ஸ்பெக்‌ஷன். வருகிற சாமானில் பழுது கண்டுபிடித்து ஓரமாக ஒதுக்கி வைப்பது. ரிட்டயர் ஆனாலும் அந்தக் கண் ரிட்டயர் ஆகவில்லை. சோப்பு மாறியது, அரிப்பு வந்தது, ஆகவே சோப்புதான் என்று சீல் குத்திவிட்டேன்.

இனி வருவதுதான் உனக்குத் தெரியாதது. ஒருநாள் மத்தியானம் நான் பனியனைக் கழற்றிவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். சுமா மோர் கொண்டுவந்தாள். டம்ளரை வைத்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றாள்.

"மாவா, பேஜார் பண்ணிக்காதீங்க, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"சோப்பாலன்னா பனியன் படற எல்லா எடத்துலயும் வரணும்ல? முதுகுல ஒண்ணுமே இல்ல. வயித்துல இல்ல. பெட்டி வெச்ச எடத்துல மட்டும்தானே வந்திருக்கு. பாருங்க, பெட்டி அளவுக்கே செவந்திருக்கு."

 அவள் போனை எடுத்துக் காட்டினாள். "சில பேருக்கு உள்ள வெக்கிற சாமான உடம்பு ஒத்துக்காதாம் மாவா. ரொம்ப ரேர்தான், ஆனா ஆகுமாம். பெட்டி வெச்ச டாக்டர்கிட்ட ஸ்வல்பம் காட்டிடலாம். நான் இன்னிக்கே அவர்கிட்ட சொல்றேன்." அவர் என்றது உன்னை.

அவள் சொன்னது சரி என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது, பாபு. இதை எழுதுவதற்குத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன். எனக்குத் தெரியாமல் அவள் மேல் பழி போட்டேன் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால் அது தப்பு. முதுகில் ஒன்றும் இல்லை என்று அவள் சொன்னதுமே, காலம் பூராவும் பழுது பார்த்த எனக்கு அது எப்படிப் புரியாமல் இருக்கும்? புரிந்தது.  சோப்பு என்றால் சோப்பை மாற்றலாம். பெட்டி என்றால் மறுபடியும் அந்த மேஜை, அந்தப் பச்சைத் துணி, அந்தக் குளிர். பெட்டியை எடுத்துவிட்டால் இதயம் அதுபாட்டுக்கு நின்றுவிடுமோ என்ற பயம். பயந்தேன் என்று மருமகளிடம் சொல்ல வாய் வரவில்லை. கோபப்படுவது சுலபமாக இருந்தது.

"நீ கம்ப்யூட்டர்ல கணக்கு பாரும்மா. டாக்டர் வேலய டாக்டர் பாக்கட்டும்" என்றேன். அதோடு விட்டேனா? "பாபுகிட்ட இதப் பத்தி ஒரு வார்த்த பேசக் கூடாது. இப்பதான் புது வேலைல சேந்திருக்கான், பயந்துடுவான். நீ சொன்னன்னு தெரிஞ்சா நான் இனிமே ஆஸ்பத்திரி வாசப்படியே மிதிக்க மாட்டேன். மாத்திரையும் போட மாட்டேன்" என்று மிரட்டினேன்.  "ஆய்து மாவா" என்றாள். சரி என்று அர்த்தம். அவள் அதை ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் உன்னிடம் அவள் அதைச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அவள் வாயைக் கட்டிவிட்டேன். அதன் பிறகு என் வாய்க்குக் கட்டே இல்லை. அந்த வாரக் கடைசியில் ராத்திரிச் சாப்பாட்டில் நீ சிவப்பு என் கழுத்துவரை பரவிவிட்டதைப் பார்த்து, "என்னப்பா இது?" என்று கேட்டாய். "அந்தப் புதுச் சோப்பு" என்றேன். நீ சப்பாத்தியைத் தட்டில் போட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினாய். "எங்கப்பா உடம்புக்கு ஆகுதா ஆகலயான்னு பாக்கறதில்லயா? ஒரு சோப்புகூட ஒழுங்கா வாங்கத் தெரியாதா உனக்கு?" அவள் உன்னைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். கெஞ்சலாகக்கூட இல்லை, நீங்கள் சொல்லுங்கள் என்பதுபோல ஒரு பார்வை. நான் டிவி பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். கிரிக்கெட்கூட இல்லை, ஏதோ பெயிண்ட் விளம்பரம்.

அவள் மறுநாளே பழைய கட்டிச் சோப்பை வாங்கிவந்து, என் துணியைத் தனியாகக் கையால் துவைத்தாள். அரிப்பு நிற்கவில்லை. நிற்காது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் நான் ஆரம்பித்த நாடகத்தை நான்தானே நடத்த வேண்டும்? "விடு, என் துணிய நானே தோச்சிக்கிறேன்" என்று வாளியைப் பிடுங்கினேன். இடது கையைத் தூக்கக் கூடாது என்று அவள் சொல்லச் சொல்ல, துவைத்த பனியன்களை மாடிக்குக் கொண்டுபோகாமல் வாசல் கேட் மேலேயே காயப் போட்டேன். தெருவில் போகிறவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். "இன்னா சார், நீங்களே தோய்க்கிறீங்க?" என்று கேட்டவர்களைப் பார்த்துச் சிரிக்க மட்டும் செய்தேன். அந்தச் சிரிப்பு என்ன சொல்லியிருக்கும் என்று நீயே நினைத்துப் பார். ஒரு வார்த்தை பேசாமல் ஒருத்தியின் பேரைக் கெடுக்க என்னால் முடிந்தது. அதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது. எழுதவே கூசுகிறது.

அப்புறம் நம் வீட்டு முறை வந்த அன்பியக் கூட்டம். நீ அன்று ஆபீஸிலிருந்து வர நேரமாகிவிட்டது. சுமா நம் கிறிஸ்தவ வேதக்காரி இல்லை என்றாலும் எல்லா ஏற்பாடும் அவள்தான் செய்தாள். பாய் விரித்து, மெழுகுவத்தி வைத்து, கேசரிபாத்தும் காராபாத்தும் பண்ணி மூடி வைத்துவிட்டு, தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு சமையலறை வாசலருகே உட்கார்ந்தாள். வாசகம் முடிந்ததும் ஸ்டெல்லா டீச்சர், "மன்றாட்டுங்க இருந்தா சொல்லுங்க" என்றார். ஒருவர் மகள் பரீட்சைக்காகச் சொன்னார். ஒருவர் காவிரித் தண்ணீர் வராததற்காகச் சொன்னார். அடுத்து நான். "எங்கள் வீட்டில் துணி துவைக்கும் கைகளுக்கு அக்கறையையும் பொறுப்பையும் தந்து, என் உடம்பை வாட்டும் இந்த அரிப்பிலிருந்து விடுதலை தரவேண்டுமென்று ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்" என்றேன். வேண்டுதல் மாதிரிச் சொன்னேன். வேண்டுதலாகச் சொன்னால் யாரும் மறுத்துப் பேச முடியாது. எல்லோரும் வழக்கம்போல, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். அந்தக் குரல்களில் ஒன்று சுமாவுடையது. எங்களோடு உட்கார வேண்டும் என்பதற்காகவே அந்தப் பதிலைத் தமிழில் பாடம் பண்ணி வைத்திருந்தவள், தன்மேல் வைத்த குற்றத்துக்கும் சேர்த்து அதைச் சொன்னாள். பிறகு எழுந்துபோய் எல்லோருக்கும் தட்டு வைத்தாள். நான் கேசரிபாத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு நீங்கள் ஹூடிக்குப் போனீர்கள். ஆபீஸ் பக்கம் என்று நீ சொன்னாய், நானும் தலையாட்டினேன். வீட்டில் அவள் துவைத்த துணி என்று ஒன்றும் இல்லை. அப்போதாவது அரிப்பு நின்றிருக்க வேண்டாமா? கூடியது. பெட்டி இருந்த இடத்தில் தோல் பளபளவென்று மெலிந்து நீர் கசிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ வந்து அதைப் பார்த்துக் கண்கலங்கினாய். உன் கண்ணீரைப் பார்த்தபோதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "தோல் கெட்டது கெட்டதுதானே" என்று முனகினேன். நீ அந்தக் கோபத்தைச் சுமந்துகொண்டு போய் அவள் தலையில் இறக்கினாய். என்ன சொன்னாய் என்று எனக்கு முழுதாகத் தெரியாது. எங்கப்பாவைச் சாகடிக்கப் பார்த்தாய் என்கிற அளவுக்குப் போய்விட்டாய் என்று மட்டும் தெரியும். மறுநாள் அவள் மண்டியா போய்விட்டாள். "அவ போயிட்டாப்பா" என்று நீ போனில் சொன்னபோது, நான் உன்னிடம் சொன்ன ஆறுதல் வார்த்தை, "எல்லாம் நல்லதுக்குத்தான்." அடித்திருக்க வேண்டும் என் வாயை.

உனக்கு ஒன்று ஞாபகம் இருக்கிறதா? சின்ன வகுப்பில் நீ இன்னொரு பையன் புத்தகத்தைக் கிழித்துவிட்டாய் என்று டீச்சர் புகார் சொன்னார்கள். பள்ளிக்கூட கேட்டிலேயே உன் கன்னத்தில் அறைந்தேன். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா என்னை ஒரே கேள்விதான் கேட்டாள்: "அவன கேட்டீங்களா?" நான் கேட்கவில்லை. கிழித்தது வேறு பையன். உன் அம்மா என்னோடு சில நாள் பேசவில்லை, நீ மறுநாளே மறந்துவிட்டாய். மறந்தாய் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்தேன். மறக்கவில்லை, கற்றுக்கொண்டாய். கேட்காமல் தீர்ப்புச் சொல்கிற குணம் உனக்கு உன் அம்மாவிடமிருந்து வரவில்லை. நான் உனக்கு எழுதிவைக்கச் சொத்து எதுவும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருப்பேன். இதைக் கொடுத்திருக்கிறேன். தயவுசெய்து இதை நீ வைத்துக்கொள்ளாதே. யார் என்ன சொன்னாலும், அது உன் அப்பனே ஆனாலும், உன் வீட்டுக்காரியைப் பற்றி வந்த பேச்சை முதலில் அவளிடம் கொண்டுபோய் "என்ன நடந்தது?" என்று கேள். குரலை உயர்த்துவதெல்லாம் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனது ஸ்டெல்லா டீச்சர். கசிந்த நீரில் பனியன் தோலோடு ஒட்டிக்கொண்டதைப் பார்த்துவிட்டு, "சார், கௌம்புங்க" என்று ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டார். பெட்டி வைத்த டாக்டர் பார்த்ததும் முகம் மாறினார். உள்ளே சீழ் பிடித்திருக்குமோ என்றுதான் முதலில் பயந்தார்கள். இரத்தம் எடுத்தார்கள், கசிவை எடுத்துப் பரிசோதித்தார்கள். கிருமி எதுவும் இல்லை. தோல் டாக்டரிடம் அனுப்பினார்கள். சின்ன வயசு லேடி டாக்டர், பொறுமையாகப் பேசினார். பெட்டியில் சேர்ந்திருக்கிற பொருட்கள் ஒவ்வொன்றிலும் துளித்துளி எடுத்துப் பட்டையில் வைத்து, என் முதுகு பூராவும் ஒட்டி, நனைக்காமல் வைத்திருக்கச் சொன்னார். பிரித்துப் பார்த்தபோது ஒரே ஒரு வட்டம் மட்டும் சிவந்து கொப்பளித்திருந்தது. பெட்டியின் தலைப்பக்கத்தில் ஒயரைப் பொருத்துகிற இடத்தில் ஒரு பிசின் இருக்கிறதாம். அதுதான்.

"ஃபேக்டரில என்ன வேல பாத்தீங்க சார்?" என்று கேட்டார். இன்ஸ்பெக்‌ஷன் என்றேன். அதற்கு முன்னால்? அப்போதுதான் ஞாபகம் வந்தது. வேலையில் சேர்ந்த புதிதில் பிசின் ஊற்றி ஒட்டுகிற பகுதியில் இருந்தேன். விரலெல்லாம் வெடித்துப் புண்ணாகும். உன் அம்மா விரல் விரலாக எண்ணெய் போட்டுவிடுவாள். உடம்புக்கு ஆகவில்லை என்று சொல்லித்தான் என்னை இன்ஸ்பெக்‌ஷனுக்கு மாற்றினார்கள். பெட்டி வைப்பதற்கு முன் ஏதாவது அலர்ஜி இருக்கிறதா என்று நர்ஸ் கேட்டபோது, மருந்தைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தேன். அது தெரியாமல் செய்தது. அதற்காக நான் வருத்தப்படவில்லை. தோல் டாக்டர், "இது ரொம்ப ரேர், உங்க மேல தப்பு இல்ல சார்" என்றார். எந்தத் தப்பைச் சொல்கிறார் என்று எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. தோல் மெலிந்துவிட்டதால் பெட்டி வெளியே எட்டிப் பார்த்துவிடும், அதற்குள் எடுத்துவிட வேண்டும், எடுத்த கையோடு வலது பக்கம் வேறு பெட்டியை உடம்பு ஒத்துக்கொள்ளும்படி மெல்லிய உறை சுற்றி வைக்க வேண்டும் என்றார்கள். அரிப்பு ஆரம்பித்தபோதே வந்திருந்தால் இவ்வளவு புண் ஆகியிருக்காது என்றும் சொன்னார்கள். ஆரம்பித்தபோதே வரச் சொன்ன ஒருத்தி இருந்தாள் என்று நான் அவர்களிடம் சொல்லவில்லை. உன்னிடமும், "லேசா இன்ஃபெக்‌ஷன், சின்ன ஆபரேஷன்" என்றுதான் சொன்னேன். டாக்டரே சொன்ன பிறகும் என் பொய் போகவில்லை பார்.

போன வாரம் மண்டியாவுக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. ரயிலில் மத்தூர் வடை வாங்கினேன், கையில் வைத்துக்கொண்டே போய் இறங்கும்போது பக்கத்து ஸீட்காரரிடம் கொடுத்துவிட்டேன். சுமாவின் அம்மா கதவைத் திறந்து, என்னைப் பார்த்து முதலில் பயந்துவிட்டார்கள், உனக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று. காபி கொடுத்தார்கள். சுமா வந்து எதிரில் உட்கார்ந்ததும், எப்படி ஆரம்பிப்பது என்று ரயிலில் யோசித்து வைத்ததெல்லாம் காணாமல் போய்விட்டது. "நீ சொன்னதுதான்மா. பெட்டிதான். நீ சொன்னப்பவே எனக்குத் தெரியும்" என்றேன். மன்னித்துவிடு என்று சொன்னேனா இல்லையா என்பதுகூட இப்போது சரியாக நினைவில்லை. அழுதேன், அது நினைவிருக்கிறது. அவள் எழுந்து வந்து என் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றி விலக்கிப் பார்த்தாள். "ஐயோ மாவா, இவ்ளோ ஆகற வரைக்குமா விட்டீங்க" என்றாள். அவ்வளவுதான் அவள் கேட்ட கேள்வி. அவள் அம்மாதான் கன்னடத்தில் கோபமாக ஏதோ சொன்னார்கள். எனக்குக் கன்னடம் நன்றாகத் தெரியும் என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள், அல்லது மறக்கவில்லை. அவர்கள் சொன்னதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை.

நேற்று அன்பியக் கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சோப்பு, கேட்டில் போட்ட பனியன், மன்றாட்டு எல்லாம்.  நான் பழி சொன்ன அன்று எல்லோருக்கும் ஒரு பதில் கைவசம் இருந்தது. இதற்கு இல்லை. ஒருவர் செருமினார். ஒருவர் என்னைப் பார்க்காமல் போனைப் பார்த்தார். கடைசியில் ஸ்டெல்லா டீச்சர், "அந்தப் பொண்ணு வந்தா நாம எல்லாருமா போய்ப் பாக்கணும்" என்றார். சொல்லிவிட்டுப் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார். வெளியே வரும்போது ஒரு அம்மா, "நாங்களும்தான் சார் நம்பினோம்" என்றார். அது ஆறுதலா குற்றச்சாட்டா என்று தெரியவில்லை. இரண்டுமாகவே எடுத்துக்கொண்டேன்.

இப்போது நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். அப்பா போய் மன்னிப்புக் கேட்டுவிட்டார், ஊரிலும் சொல்லிவிட்டார், இனி அவள் திரும்பி வந்துவிடுவாள், எல்லாம் சரி. நானும் மண்டியா ரயிலில் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். அப்படி இல்லை, பாபு. நான் பழி போட்டது அவளுக்குப் பெரிய விஷயமாக இல்லை. மாமனார்கள் அப்படித்தான் என்று முதலிலேயே மனத்தைத் தயார் பண்ணிக்கொண்டு வந்தவள் போலிருக்கிறது. நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். அங்கே நின்று உன்னைப் பற்றி ஒன்று சொன்னாள். சொல்லிவிட்டு, "இத மட்டும் அவர்கிட்ட சொல்லாதீங்க மாவா" என்றாள். நான் சரி என்றேன். என்னிடம் சொன்ன வார்த்தையை அவள் தன் குடும்பமே உடைந்தபோதும் காப்பாற்றினாள். அவளுக்குக் கொடுத்த வார்த்தையை நான் ஒரு கடிதத்துக்காக உடைக்க மாட்டேன். அது என்ன என்று என்னிடம் கேட்காதே. அவளிடம் போய்க் கேள். நீ அவளிடம் கேட்கவேயில்லை என்பதுதான் இத்தனைக்கும் காரணம்.

வரும் வியாழக்கிழமை ஆபரேஷன். கூட இருந்து கையெழுத்துப் போட வீட்டு மனுஷர் யாராவது வேண்டும் என்கிறார்கள். நீ புதன்கிழமையே லீவு போட்டுவிட்டு வந்து வார்டு வாசலில் நிற்பாய். நல்ல பிள்ளை என்று நர்ஸுகள் எல்லாம் சொல்வார்கள். முதல் தடவையும் சொன்னார்கள், நானும் பெருமைப்பட்டேன். இந்தத் தடவை அந்தப் பெருமை எனக்கு வேண்டாம். எனக்குப் பயமாக இருக்கிறது, பாபு.  உன் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனால் தைரியமாக இருக்கும். இருந்தாலும் சொல்கிறேன். கையெழுத்தை ஸ்டெல்லா டீச்சர் போடுகிறேன் என்றிருக்கிறார், ஆஸ்பத்திரியில் அவரை ஏற்றுக்கொள்வார்கள். நீ அந்த லீவைப் போட்டு மண்டியாவுக்குப் போ. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் பிறகு வந்து பார். முடியாவிட்டாலும் முதலில் அங்கேயே போ.